முகம் காட்டாத அரசன் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஐரோப்பியக் கோட்டைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் தென் ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட அரசர் இரண்டாம் லுட்விக்கை ‘அநியாயமாகப் பதவி பறிக்கப்பட்டவர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தீர்கள். போன கோடையில் மியூனிக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது அவர் கட்டிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்த்தேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உடன் வந்தவர்கள் எல்லோரும் அவரைக் கிறுக்கு ராஜா என்றுதான் சொன்னார்கள். ராத்திரியில் விழித்துப் பகலில் தூங்கியவர், நாட்டு நிர்வாகத்தைக் கவனிக்காமல் மக்கள் பணத்தில் கோட்டை கட்டியவர், இசையமைப்பாளர் வாக்னரின் இசைக்குக் கஜானாவைத் திறந்துவிட்டவர் என்றெல்லாம் கேள்விப்பட்டேன். அப்படிப்பட்டவரை மந்திரிகள் இறக்கியதில் என்ன அநியாயம்? அவர் நிஜமாகவே மனநிலை சரியில்லாதவரா? அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்வதில் உண்மை உண்டா? நேரம் இருந்தால் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

---

அன்புள்ள நண்பருக்கு,

பணக் கணக்குக்குப் பதில் சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நொய்ஷ்வான்ஸ்டைனுக்குச் சுமார் 62 லட்சம் மார்க் செலவானது. லிண்டர்ஹோஃப் மாளிகைக்கு 85 லட்சம். கீம்ஸே ஏரித் தீவில் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையைப் பார்த்துக் கட்டிய ஹெர்ரன்கீம்ஸேக்கு 1 கோடியே 66 லட்சம். இவை பவேரிய அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்கிலிருந்து போன பணம் அல்ல. அரசருக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட மானியத்திலிருந்தும், சொந்தச் சொத்திலிருந்தும், வாங்கிய கடனிலிருந்தும் போனவை. அந்த மானியமும் மக்கள் வரிதானே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்து அரசர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு மானியம் இருந்தது. மற்றவர்கள் அதை வேட்டைக்கும் விருந்துக்கும் செலவழித்தார்கள். இவர் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கண்ணாடி வேலைக்காரருக்கும் கொடுத்தார். நொய்ஷ்வான்ஸ்டைனில் அவருடைய படுக்கையறையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கட்டிலுக்கு மேல் கோபுரம் கோபுரமாக எழும் மரச்செதுக்கு வேலைக்கு மட்டும் 14 பேர் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்திலேயே பெரிய வேலைவாய்ப்பு அந்தக் கோட்டைதான். கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1870-லேயே ஒரு சங்கம் இருந்தது, நோயில் படுத்தால் அதிலிருந்து உதவித்தொகை கிடைத்தது. அரசரும் அதற்குப் பணம் கொடுத்தார்.

அதே நேரம், 1885 வாக்கில் அவருடைய கடன் 1 கோடியே 40 லட்சம் மார்க்கைத் தொட்டுவிட்டது, கடன் கொடுத்தவர்கள் ஜப்திக்குப் போவோம் என்று மிரட்டினார்கள் என்பதும் உண்மை. அவர் கட்டுவதை நிறுத்தவில்லை, புதுக் கடன் தேடினார். இதை நான் மறைக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை.

இனி மனநிலை பற்றிய கேள்விக்கு வருகிறேன். அதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1845 ஆகஸ்ட் 25 அன்று மியூனிக்கின் நிம்ஃபென்பர்க் அரண்மனையில் பிறந்தார். சிறுவயதில் பெரும்பகுதி ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டையில் கழிந்தது. நொய்ஷ்வான்ஸ்டைனுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் இருக்குமே, அதுதான். அதன் சுவர்கள் முழுக்கப் பழைய ஜெர்மானியக் கதைகளின் ஓவியங்கள். அன்னம் இழுக்கும் படகில் வரும் வீரன் லோஹென்கிரின் அவற்றில் ஒருவன். அந்தக் கதையை வாக்னர் இசைநாடகமாக்கியிருந்தார். 15 வயதில் இளவரசர் அதை மேடையில் பார்த்தார். தினமும் சுவரில் பார்த்து வளர்ந்த உருவம் எதிரே வந்து நின்று பாடினால் அந்த வயதில் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1864 மார்ச் 10-ல் தந்தை மாக்சிமிலியன் இறந்தார். 18 வயதில் லுட்விக் அரசரானார். ஆட்சிக்கு வந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கடன்காரர்களுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த வாக்னரைத் தேடிப்பிடித்து அழைத்துவரச் சொன்னது. அந்தரங்கச் செயலர் ஸ்டுட்கார்ட்டில் அவரைக் கண்டுபிடித்தார். 1864 மே 4 அன்று இருவரும் சந்தித்தார்கள். மேடையேற்றவே முடியாது என்று பல ஊர்களில் கைவிடப்பட்டிருந்த வாக்னரின் இசைநாடகம் ‘டிரிஸ்டன் உண்ட் இஸோல்டே’ அடுத்த ஆண்டு ஜூன் 10-ல் மியூனிக்கில் அரங்கேறியது. பிறகு வாக்னர் அரசியலில் மூக்கை நுழைக்க, ஊரே எதிர்க்க, 1865 டிசம்பரில் அரசரே அவரை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் உதவியை அவர் நிறுத்தவில்லை. வாக்னர் தன் இசைநாடகங்களுக்காகவே கட்டிய பைராய்ட் அரங்கம் பணமில்லாமல் பாதியில் நின்றபோது 1874-ல் 1,00,000 தாலர் கொடுத்தார். அது கடனாகக் கொடுத்தது, பிற்பாடு திரும்பி வந்தது. கஜானாவைத் திறந்துவிட்டார் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் இதையும் சொல்லியிருக்கலாம்.

வாக்னரும் கோட்டைகளும் எல்லோரும் பேசும் விஷயம். அந்த ஆட்சியின் முக்கியமான முடிவு பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

1866-ல் வட ஜெர்மனியின் பெரிய அரசான பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் வந்தது. பவேரியா ஆஸ்திரியா பக்கம் நின்று தோற்றது. 3 கோடி குல்டன் நஷ்டஈடு, கூடவே போர் என்று வந்தால் பவேரியப் படை பிரஷ்யாவின் தலைமையில் போகும் என்று ஒரு ரகசிய ஒப்பந்தம். லுட்விக்குக்கு அப்போது 20 வயது. உண்மையான அரசராக அவர் இருந்தது ஆட்சிக்கு வந்த அந்த முதல் இரண்டு வருடங்கள் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1870-ல் பிரான்ஸோடு போர் மூண்டதும் அந்த ஒப்பந்தப்படி பவேரியா கிளம்பியாக வேண்டியிருந்தது. பிரஷ்யா ஜெயித்தது. ஜெர்மன் நாடுகளை ஒன்றாக்கிப் பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மைப் பேரரசர் ஆக்கப் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் தீர்மானித்தார். ஆனால் வில்ஹெல்ம் தானாக முடியை எடுத்துச் சூடிக்கொண்டால் நன்றாக இராது. வேறு ஒரு அரசர் ‘நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிரஷ்யாவுக்கு அடுத்த பெரிய நாடு பவேரியா. அதனால் கேட்க வேண்டியவர் லுட்விக்.

லுட்விக்கின் அம்மா பிரஷ்ய இளவரசி, வில்ஹெல்ம் அவருக்குப் பெரியப்பா மகன். நம் முறைப்படி பார்த்தால் லுட்விக்குத் தாய்மாமன். அந்த மாமனுக்குக் கீழே ஒரு சிற்றரசராக இருக்க லுட்விக் துளியும் விரும்பவில்லை. கடிதத்தின் வாசகத்தைப் பிஸ்மார்க்கே எழுதிக்கொடுத்தார். அரசரின் குதிரை லாயத் தலைவர் ஹோல்ன்ஸ்டைன் பிரபு அதை எடுத்துக்கொண்டு பிரஷ்யத் தலைமை அப்போது தங்கியிருந்த வெர்சாயிலிருந்து ஹோஹென்ஷ்வாங்காவ் வந்தார். பல்வலியோடு படுக்கையில் கிடந்த அரசர் 1870 நவம்பர் 30 அன்று தன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டார். ஜெர்மன் பேரரசு பிறந்ததில் அந்தக் கடிதத்துக்கு அவ்வளவு பங்கு உண்டு.

அதற்குக் கைமாறாக அவருக்கு ரகசியமாகப் பணம் வந்தது. ஹனோவர் அரச குடும்பத்திடமிருந்து பிரஷ்யா பறித்து வைத்திருந்த சொத்திலிருந்து பிஸ்மார்க் வருடாவருடம் அனுப்பினார். ஹோல்ன்ஸ்டைனுக்கு அதில் பத்து சதவீதம். கோட்டைகளுக்குப் போன பணத்தில் இதுவும் சேர்த்தி. லுட்விக்கைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் நான் இதற்காகத்தான் சொல்வேன். அதே சமயம் பவேரியா தன் ரயில், தபால், பீர் வரி, சமாதான காலத்தில் தன் சொந்தப் படை ஆகிய உரிமைகளைப் பேசி வாங்கித் தக்கவைத்துக்கொண்டது. எதிர்த்து நின்றிருந்தால் ஹனோவரைப் போலப் பவேரியாவையும் பிரஷ்யா விழுங்கியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

1871 ஜனவரி 18 அன்று வெர்சாயில் முடிசூட்டு அறிவிப்பு நடந்தபோது அவர் போகவில்லை. தம்பி ஓட்டோவை அனுப்பினார். எல்லாமே குளிர்ந்தும் கர்வமாகவும் பகட்டாகவும் உள்ளே ஒன்றுமில்லாமலும் இருந்தது என்று ஓட்டோ அண்ணனுக்கு எழுதினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். லுட்விக்கின் மனம் ஆண்களை நாடியது. 1867-ல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கை சோஃபியோடு நிச்சயமான கல்யாணத்தை அதே ஆண்டு அக்டோபரில் அவரே முறித்துக்கொண்டார். தன் ஆசைகளோடு மல்லுக்கட்டி, இனி இல்லை இனி இல்லை என்று சபதம் செய்துகொள்ளும் நாட்குறிப்பு வரிகள் பிற்காலத்தில் வெளிவந்தன. பக்தியுள்ள கத்தோலிக்கர், அது அவரை எவ்வளவு வதைத்திருக்கும் என்று அவற்றைப் படித்தால் தெரியும். பவேரியா 1813-லேயே தன் சட்டத்தில் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. பேரரசில் சேர்ந்ததும் பிரஷ்யச் சட்டத்தை ஒட்டிய பொதுக் குற்றவியல் சட்டம் வந்தது. 1872 முதல் பவேரியாவிலும் அது மறுபடி குற்றமானது. அவர் பல்வலியோடு எழுதிக்கொடுத்த கடிதத்தின் வழியாக வந்த பேரரசுதான் அந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தது. எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் வலிக்கும் இடம் இது.

அப்புறம்தான் அவர் மறையத் தொடங்கினார். 1872 முதல் 1885 வரை மியூனிக் அரங்கில் தனக்காக மட்டும் 200-க்கும் மேற்பட்ட நாடகங்களையும் இசைநாடகங்களையும் நடத்தவைத்துப் பார்த்தார். அரங்கில் வேறு ஆள் கிடையாது. கூட்டம் தொலைநோக்கிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாடகத்தில் மனம் செல்வதில்லை, நான் பார்க்க வந்தவன், காட்சிப்பொருள் அல்ல என்பது அவர் சொன்ன காரணம். இதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மியூனிக் அரண்மனையின் கூரைமேல் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு தோட்டம் அமைத்தார். பனைகள், படகு விடும் அளவுக்கு ஒரு குளம், பின்னணியில் இமயமலையின் பெரிய ஓவியம். குளத்துத் தண்ணீர் கீழே பணியாளர் அறைகளில் ஒழுகியது. லிண்டர்ஹோஃபில் செயற்கைக் குகை கட்டி, 1878-லேயே டைனமோ வைத்து மின்விளக்கு போட்டார். பவேரியாவின் முதல் மின் நிலையங்களில் அது ஒன்று. இரவில் விழித்திருந்தார், பனியில் சறுக்குவண்டியில் மலைப்பாதைகளில் போனார். வழியில் பார்க்கும் குடியானவர்களோடு நின்று பேசுவார், பரிசு கொடுப்பார். அவர்கள் அவரைக் கடைசிவரை கைவிடவில்லை. 1875-க்குப் பிறகு மியூனிக்கில் படை அணிவகுப்பைப் பார்வையிடவே வரவில்லை. மந்திரிகளைக்கூட நேரில் பார்ப்பது அபூர்வமாகி, கோப்புகள் செயலர்கள் வழியாகப் போய்வந்தன. நிர்வாகத்தைக் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்புகளைக் கடைசிவரை படித்துக் கையெழுத்திட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று, ஆட்களுக்கு முன்னால் வந்து நிற்பது.

1886-ல் நடந்ததெல்லாம் அதனால்தான் சாத்தியமாயிற்று என்பது என் எண்ணம்.

தலைமை மந்திரி லுட்ஸ் தாராளவாதி. சட்டசபையிலோ பெரும்பான்மை கத்தோலிக்கப் பழமைவாதிகளுக்கு. அரசரின் ஆதரவு ஒன்றுதான் அந்த மந்திரிசபையைத் தாங்கிக்கொண்டிருந்தது. கடன் விஷயத்தில் மந்திரிகள் உதவ மறுத்ததும், உங்களை மாற்றிவிடுவேன் என்று அரசர் பேச ஆரம்பித்தார். அவர்கள் முந்திக்கொண்டார்கள். பவேரிய அரசியல் சட்டத்தின்படி, அரசர் ஓராண்டுக்கு மேல் ஆள முடியாத நிலையில் இருந்தால் அவருக்குப் பதிலாக ஒருவரை அமர்த்தலாம். அதற்கு மருத்துவர் சான்று வேண்டும். சாட்சியம் திரட்டும் வேலை ஹோல்ன்ஸ்டைனிடம் போனது. ஆமாம், 1870-ல் கடிதம் கொண்டுவந்த அதே ஹோல்ன்ஸ்டைன். பணியாளர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்.

மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபொன் குடென். இவரை வில்லனாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டக்கூடாது, மனிதர்களாக நடத்த வேண்டும் என்று போராடிய பெரிய மனிதர். மூளை ஆராய்ச்சியில் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. தம்பி ஓட்டோவுக்கு மனநோய் முற்றியபோது பார்த்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். அதனாலேயே அண்ணனைப் பற்றியும் சந்தேகமே இல்லாமல் முடிவுக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். 1886 ஜூன் 8-ம் தேதி அவரும் இன்னும் மூன்று மருத்துவர்களும் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மூவரில் ஒருவர் குடெனின் மருமகன். அரசரின் நோய் முற்றியது, குணப்படுத்த முடியாதது, ஓராண்டு மட்டுமல்ல, ஆயுள் முழுக்க அவரால் ஆள முடியாது என்பது முடிவு. சட்டம் கேட்ட ஓராண்டு அப்படியே வந்திருக்கிறது பாருங்கள். நால்வரும் அந்த அறிக்கைக்காக அவரை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

அறிக்கையில் இருந்தது என்ன? இல்லாத விருந்தாளிகளோடு உணவு மேசையில் பேசினார், மரத்தை வணங்கினார், ஏரிக்கு மேலே பறந்துபோக ஒரு வண்டி செய்யச் சொன்னார் என்பதெல்லாம். பணியாளர்களை அடித்தார், தவழ்ந்து வரச்சொன்னார் என்பதும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தனிமை முற்ற முற்ற அவர் கொடுமைக்காரராகவும் ஆனார் என்றே நம்புகிறேன். அடிபட்டவர்கள் சொன்னதை அரசர்மீது உள்ள அபிமானத்தால் தள்ளுவது சரியல்ல. ஆனால் வேலையாளை அடிப்பது குற்றம், அது மனநோய்க்குச் சான்று அல்ல. பறக்கும் வண்டி கேட்டதை நோய் என்று எழுதி ஐந்தே ஆண்டுகளில் ஓட்டோ லிலியென்டால் என்ற ஜெர்மன் பொறியாளர் இறக்கை கட்டிக்கொண்டு பறந்தார். அந்த அறிக்கையை அண்மைக்காலத்தில் மறுபடி எடுத்துப் பார்த்த மனநல மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மனம் விட்டுப் பேச ஆளில்லாமல், கூட்டத்தைக் கண்டால் நடுங்கி, பல்வலிக்கு மருந்தும் மதுவும் பழகிப்போன ஒரு மனிதர் எனக்குத் தெரிகிறார். ஆள முடியாத அளவுக்கு அறிவு தப்பியவர் தெரியவில்லை.

ஜூன் 9 பின்னிரவில் ஒரு குழு நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு வந்தது. வண்டிக்காரர் ஒருவர் முன்கூட்டியே ஓடிவந்து அரசரை எச்சரித்துவிட்டார். உள்ளூர்க் காவலர்களும் தீயணைப்புக்காரர்களும் வாசலில் திரண்டார்கள். அரசர்மேல் அன்பு கொண்ட ஒரு சீமாட்டி குடையை ஓங்கிக்கொண்டு மந்திரியைத் திட்டினார். வந்தவர்களை அரசர் வாயில் கட்டடத்திலேயே அடைத்துவைக்கச் சொல்லி, சில மணி நேரத்தில் விடுவித்தார். மறுநாளே சித்தப்பா லூயிட்போல்ட் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதாக அறிவிப்பு வந்துவிட்டது. உதவி கேட்ட அரசருக்குப் பிஸ்மார்க் சொன்ன ஆலோசனை: உடனே மியூனிக்குக்குப் போங்கள், மக்கள் முன்னால் நில்லுங்கள். அது நல்ல ஆலோசனை. மியூனிக் தெருவில் வண்டியை விட்டிறங்கி நின்றிருந்தால் நான்கு மருத்துவர்களின் காகிதத்துக்கு மதிப்பு இருந்திருக்காது. அவரால் அது மட்டும் முடியவில்லை.

ஜூன் 12 அதிகாலை குடென் இரண்டாம் குழுவோடு வந்து அவரைப் பிடித்தார். என்னைச் சோதித்துப் பார்க்காமலே எப்படி மனநோயாளி என்று சொல்கிறீர்கள் என்று அரசர் கேட்டார். தேவைப்படவில்லை, திரட்டிய சாட்சியங்களே போதும் என்றார் குடென். அறிவு தப்பியவர் கேட்கும் கேள்வியா அது?

ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் உள்ள பெர்க் மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி, உளவு பார்க்க ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் பெந்தெகொஸ்தே ஞாயிறு, பூசைக்குப் போக அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. மாலை ஆறரை மணிவாக்கில் அரசரும் குடெனும் ஏரிக்கரையில் நடக்கப் போனார்கள். காவலாள் யாரும் பின்னால் வர வேண்டாம் என்று குடெனே சொல்லிவிட்டார். இரவு பத்தரை மணிக்கு மேல் இருவரும் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் பிணமாகக் கிடைத்தார்கள். அரசரின் சட்டைப்பைக் கடியாரம் 6.54-ல் நின்றிருந்தது. மருத்துவரின் முகத்திலும் கழுத்திலும் காயங்கள்.

சுட்டுக் கொன்றார்கள் என்று பவேரியாவில் இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. அதை நிரூபிக்கும் சான்று எதுவும் வெளிவரவில்லை. தப்பிக்க அல்லது சாகத் தண்ணீரில் இறங்கினார், தடுத்த மருத்துவரோடு கைகலப்பு நடந்தது, நெஞ்சு நின்றுபோனது என்பதுதான் எனக்கு ஏற்கத்தக்கதாக இருக்கிறது. கொலை நடந்ததா என்று தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை. நான் அநியாயம் என்று எழுதியது ஜூன் 13-ம் தேதியைப் பற்றி அல்ல, ஜூன் 8-ம் தேதியைப் பற்றி.

லுட்விக்குக்குப் பிறகு அரசரானவர் தம்பி ஓட்டோ. உண்மையிலேயே மனநோய் முற்றி ஃபியூர்ஸ்டென்ரீட் மாளிகையில் அடைபட்டிருந்தவர். ஆள முடியாதவர் என்று ஒருவரை இறக்கிவிட்டு, நிஜமாக ஆள முடியாத ஒருவரின் பெயரில் லூயிட்போல்ட் 1912 வரை ஆண்டார். லுட்ஸ் 1890 வரை பதவியில் நீடித்தார். நொய்ஷ்வான்ஸ்டைனை 1886 ஆகஸ்ட் 1-ம் தேதியே, அரசர் இறந்து ஏழு வாரத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்கள். அவர் வைத்துவிட்டுப் போன கடன் 1899-க்குள் அடைபட்டுவிட்டது. 2025-ல் அவருடைய மாளிகைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போகும்போது ஹெர்ரன்கீம்ஸேக்குப் போய்வாருங்கள். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பிரீன், அங்கிருந்து படகு. கண்ணாடி மண்டபத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு பக்கத்து மாடிப்படிக் கூடத்தையும் பாருங்கள். பணம் நின்றுபோனதால் பூசாத செங்கல்லோடு அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் லுட்விக் அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.